நெஞ்சுக்குப் போய்த் திரும்பும் நரம்பு

ஒப்பரேசன் முடிந்து கண் விழித்ததும் நான் கேட்ட முதல் கேள்வி ஒருவருக்கும் கேட்கவில்லை.

"நேரம் என்ன?" என்றுதான் கேட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற தாதி குனிந்து காதைக் கொடுத்தாள். திரும்பவும் கேட்டேன். வாயிலிருந்து வந்தது காற்று மட்டும். சைக்கிள் ரியூப்பின் வால்வைக் கழற்றினால் ஒரு சத்தம் வருமே, அந்த மாதிரி.

"தொண்டைக்குள்ள குழாய் விட்டதால அப்பிடித்தானம்மா இருக்கும். ரெண்டு நாளில சரிவரும்" என்றாள்.

நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கண் மங்கும், பல் விழும், முழங்கால் நோகும் என்றெல்லாம் வயது போகப் போக நினைத்திருக்கிறேன். குரலுக்கு ஏதாவது ஆகும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. மன்னார்ப் பக்கம் பேசாலையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இருபது வருடத்துக்கு மேலாகப் படிப்பித்து வருகிறேன். விளையாட்டுப் போட்டியன்று ஒலிவாங்கி பழுதானால் அதிபர் ஆள் அனுப்பிக் கூப்பிடுவது என்னைத்தான். மைதானத்தின் ஒரு மூலையில் நின்று "நூறு மீற்றர் ஓடுற பிள்ளையள் எல்லாரும் வாங்கோ" என்றால், மற்ற மூலையில் ஐஸ்பழம் குடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளும் சேர்ந்து ஓடி வந்துவிடும்.

வீட்டிலும் அப்படித்தான். என் கணவர் படகு எஞ்சின் திருத்துகிறவர். முற்றத்தில் அவருக்கு ஒரு தகரக் கொட்டில் இருக்கிறது. அதற்குள் எந்நேரமும் ஏதோவொரு எஞ்சின் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் காலை விட்டுக்கொண்டு உறுமும். அந்தச் சத்தத்துக்கு மேலால் கதைத்துக் கதைத்தே எங்கள் குடும்பம் நடந்தது. சண்டை பிடிப்பதும் சோற்றுக்குக் கூப்பிடுவதும் ஒரே சுருதியில்தான். எங்கள் வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் வாசலிலேயே தயங்கி நிற்பார்கள்.

கழுத்தில் கட்டி இருந்ததைக் கண்டுபிடித்தது என் வகுப்புப் பிள்ளை ஒன்று. நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது முன் வரிசையிலிருந்து, "ரீச்சர், உங்கட கழுத்துக்குள்ள ஒரு உருண்டை ஏறி இறங்குது" என்றது. உடனே முழு வகுப்பும் எழுந்து வந்துவிட்டது. அவர்களுக்காக ஒரு போத்தல் தண்ணீர் முழுவதையும் குடித்துக் காட்டினேன். அவர்கள் வாய்விட்டு எண்ணிக்கொண்டு நின்றார்கள். அன்று பின்னேரம் கண்ணாடிக்கு முன்னால் நின்று நானே விழுங்கிப் பார்த்தேன். பிள்ளை சொன்னது சரி. இடது பக்கத்தில், புளியங்கொட்டையை விடப் பெரிதாக ஒன்று இருந்தது.

தைரொயிட் சுரப்பியில் கட்டி. எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார்கள். யாழ்ப்பாணத்துக்குப் போய் எடுத்தோம்.

தாதி சொன்ன இரண்டு நாளும் போயிற்று, மூன்றாம் நாளும் போயிற்று. குரல் வரவில்லை. காலையில் வார்ட்டைப் பார்க்க வந்த சத்திரசிகிச்சை வைத்தியர் கதிரையை இழுத்துப் போட்டு என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தார். நின்றுகொண்டே சொல்ல ஏலாத, உட்கார்ந்து சொல்ல வேண்டிய விசயம் ஏதோ.

"கட்டியில ஒரு பயமும் இல்லை அம்மா. சோதிச்சுப் பாத்தாச்சு, அது கெட்ட கட்டி இல்லை" என்றார் முதலில். பிறகு, "ஆனா அது குரலுக்குப் போற நரம்போட நல்லா ஒட்டிக்கொண்டு இருந்தது. பிரிச்செடுக்கேக்க நரம்பு இழுபட்டுப்போச்சு. அறுபடேல்ல, முழுசாத்தான் இருக்கு. இப்ப அது கோவிச்சுக்கொண்டு படுத்திருக்கு."

எவ்வளவு நாள் என்று விரலால் காற்றில் எழுதிக் கேட்டேன்.

"ஆறு மாசம் எடுக்கலாம். ஒரு வருசமும் எடுக்கலாம்." பிறகு தொடர்ந்தார். "சில பேருக்கு முழுசா வராமலும் விடலாம். அதையும் நான் உங்களுக்குச் சொல்லத்தான் வேணும்."

பொய் சொல்லாமல் சொன்னதற்காக அந்த மனிதர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. அன்று மட்டும் அவர் போனதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது வேறொரு சிக்கலும் கூடவே வந்திருந்தது. தேத்தண்ணி குடித்தால் புரைக்கேறியது. வெறும் தண்ணீரும் அப்படித்தான். கஞ்சி மட்டும் சமாளித்துக்கொண்டு இறங்கியது. புரைக்கேறினால் இருமவும் சரியாக வரவில்லை. இருமுவதற்குக்கூடக் குரல்வளை இறுக மூட வேண்டும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. நான் கண் பிதுங்க நிற்க, கணவர் முதுகில் தட்டுவார். எஞ்சினைத் தட்டுகிற கை அது. அந்த அடியில் புரை போய்விடும், முதுகு மூன்று நாளைக்கு நோகும்.

கதைக்க முடியாததால் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். அதிலும் ஒரு கரைச்சல். அவருக்குக் கண்ணாடி இல்லாமல் வாசிக்க ஏலாது. ஒருநாள் கொட்டிலுக்குள்ளிருந்து, "என்ர கண்ணாடியைக் கண்டனியோ?" என்று கத்தினார். அது அலுமாரிக்கு மேல் இருந்தது. நான் ஓடிப்போய் "அலுமாரிக்கு மேல" என்று பெரிய எழுத்தில் எழுதி அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் காகிதத்தைக் கிட்டப் பிடித்தார், தூரப் பிடித்தார், வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். பிறகு, "பொறு, கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து வாசிக்கிறன்" என்றார். ஒப்பரேசனுக்குப் பிறகு நான் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். சிரிப்புக்கும் சத்தம் இல்லை. தோள் குலுங்குவதைப் பார்த்து அழுகிறேனாக்கும் என்று அவர் பயந்துபோனார்.

ஒரு மாத லீவு முடிந்து பள்ளிக்கூடம் போனேன். வகுப்பில் நான் குசுகுசுவென்று கதைத்தேன். பிள்ளைகளும் குசுகுசுவென்று பதில் சொன்னார்கள். யாரும் அவர்களுக்கு அப்படிச் சொல்லவில்லை. நான் "ஏழும் எட்டும் எத்தினை?" என்று காற்றில் கேட்டால், முப்பது வாய்கள் காற்றில் "பதினைஞ்சு" என்றன. இரண்டாம் நாள் அதிபர் யன்னலால் எட்டிப் பார்த்தார். வகுப்பில் சத்தம் இல்லாததால் பிள்ளைகளை வெளியே எங்கோ கூட்டிப்போய்விட்டேன் என்று நினைத்தாராம். முழு வகுப்பும் உள்ளே இருப்பதைக் கண்டதும் அவரும் குரலைத் தாழ்த்தி, "சரி ரீச்சர், நடத்துங்கோ" என்று இரகசியமாகச் சொல்லிவிட்டுப் குதிக்கால்களை ஊன்றாமல் நடந்து போனார்.

சிரிக்க முடியாத நாளும் வந்தது. பின்னேரம் பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்துப் பயிற்சி. பந்து உருண்டு வாசல் படலையைத் தாண்டி ரோட்டுப் பக்கம் போயிற்று. சின்னப் பிள்ளை ஒன்று பந்தை மட்டும் பார்த்துக்கொண்டு பின்னால் ஓடியது. தலைமன்னார்ப் பக்கமிருந்து லொறி ஒன்று வருவதை நான் கண்டேன். நான் கத்தினேன். உடம்பு முழுவதும் சேர்ந்து கத்தியது, சத்தம் மட்டும் வரவில்லை. நான் ஓடத் தொடங்கினேன். அதற்குள் பிள்ளை தானாகவே ரோட்டோரத்தில் நின்றுவிட்டாள். லொறி போனதும் இரண்டு பக்கமும் பார்த்து, பந்தை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் தந்தாள். என் முகத்தைப் பார்த்து, "ரீச்சர், நான் பாத்துத்தான் போனனான்" என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்து, கொட்டிலில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த நேரம் பார்த்து அதற்குப் பக்கத்தில் நின்று அழுதேன். கணவர் எஞ்சினை நிறுத்தப் போனார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அடுத்த நாள் ஒரு விசில் வாங்கி நாடாவில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

அந்தக் கிழமைதான் மன்னார் ஆஸ்பத்திரியில் பேச்சுச் சிகிச்சைக்குத் திகதி போட்ட துண்டு எனக்குக் கிடைத்தது. சிகிச்சை தருகிறவள் இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பெண். தெற்கிலிருந்து மாற்றலாகி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சிங்களப் பிள்ளை. தமிழ் படித்திருந்தாள், ஆனால் அந்தத் தமிழ் அரசாங்கக் கடிதத்தில் வரும் தமிழ்.

"வணக்கம். தாங்கள் அமருங்கள். தங்களது குரல் தற்போது எவ்வாறு உள்ளது?" என்றாள்.

எனக்கு முன்னால் போன கிழவர் ஒருவர் இதே கேள்விக்கு, "என்ன பிள்ளை, நாடகம் பழகிறியோ?" என்று கேட்டிருந்தாராம். அவள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நன்றி சொல்லியிருக்கிறாள்.

அவளிடம் குரல் இருந்தது, கதைக்கத் தமிழ் இல்லை. என்னிடம் தமிழ் இருந்தது, கதைக்கக் குரல் இல்லை. இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

முதல் வேலையாகக் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் கூட்டிப்போனாள். அவர் ஒரு மெல்லிய குழாயை மூக்கு வழியாக உள்ளே விட்டார். முனையில் கமெரா. திரையில் என் குரல்வளை தெரிந்தது. இளஞ்சிவப்புக் கிணறு ஒன்றை மேலிருந்து எட்டிப் பார்ப்பது போல இருந்தது. நடுவில் இரண்டு வெள்ளை நாடாக்கள், குரலை உண்டாக்குகிறவை. "ஈ எண்டு சொல்லுங்கோ" என்றார் வைத்தியர். வலது பக்க நாடா உடனே நடுவுக்கு ஓடி வந்தது. இடது பக்கத்து நாடா பாதி திறந்த கதவு மாதிரி அசையாமல் நின்றது. வலது நாடா வந்து காத்துக்கொண்டு நின்றது, பிறகு தனியே திரும்பிப் போனது. பார்க்கப் பாவமாக இருந்தது. இவ்வளவு நாளும் கூட நின்று எனக்காகக் கத்திய ஒன்று இப்படி மலைத்துப்போய் நிற்கிறதே என்று அந்த இடது நாடாமேல் கோபம்கூட வரவில்லை.

அன்று என்னுடன் கணவரும் வந்திருந்தார். அந்தப் பெண் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எங்கள் இருவருக்கும் படம் கீறிக் காட்டினாள். தெரியாத சொல்லுக்கு ஆங்கிலம், அதுவும் போதாத இடத்தில் கை. அவள் காட்டியதை எனக்கு விளங்கிய மட்டில் சொல்கிறேன்.

மூளையிலிருந்து பெரிய நரம்பு ஒன்று கழுத்துக்குள்ளால் நெஞ்சுக்கு இறங்குகிறது. குரல்வளைக்குப் பக்கத்தால்தான் போகிறது. போகிற போக்கில் அங்கே ஒரு சிறிய கிளையைக் கொடுத்துவிட்டுக் கீழே போய்விடுகிறது. குரல்வளைக்கு வேண்டிய முக்கியமான கிளையோ நெஞ்சுக்குள் போன பிறகுதான் பிரிகிறது. இடது பக்கத்தில் அது இதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக்குழாயின் கீழால் வளைந்து, வந்த வழியே திரும்பி மேலே ஏறுகிறது. மூச்சுக்குழாயின் ஓரத்தோடு ஏறி, தைரொயிட் சுரப்பியின் முதுகை உரசிக்கொண்டு, கடைசியில் குரல்வளைக்குள் நுழைகிறது. வலது பக்கத்து நரம்பு அவ்வளவு தூரம் போவதில்லை, காறை எலும்புக்குப் பின்னாலிருக்கும் குழாயைச் சுற்றிக்கொண்டு திரும்பிவிடுகிறது.

குரல்வளைக்குள் சின்னச் சின்னத் தசைகள் இருக்கின்றன. நாடாக்களை மூடுவதற்குப் பல தசைகள். திறப்பதற்குப் பக்கத்துக்கு ஒன்றே ஒன்று. நாம் மூச்சு விடுவது அந்த ஒன்றால்தான். இவை எல்லாவற்றையும் ஆட்டுவிப்பது நெஞ்சுக்குப் போய்த் திரும்பி வருகிற அந்த நரம்பு. முன்பக்கத்தில் இருக்கிற ஒரு தசை மட்டும் வேறு. நாடாவை இழுத்து விறைப்பாக்கிக் குரலை உச்சத்துக்குக் கொண்டுபோகிற தசை அது. அந்தத் தசைக்கு, மேலேயே பிரிந்த சிறிய கிளையிலிருந்து நேராக இணைப்பு.

கணவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய தொழில் மூளை வேலை செய்வது முகத்தில் தெரிந்தது.

"இது ஆர் இழுத்த வயர்?" என்றார். "வீட்டு வாசலால போற வயரை அடுத்த ஊர் வரைக்கும் கொண்டுபோய், அங்க சுத்தித் திருப்பிக் கொண்டுவந்து வீட்டுக்குக் குடுத்திருக்கு. நான் இப்பிடி இழுத்தா ஆக்கள் அடிக்க வருவினம்."

அவளுக்கு அவர் சொன்னதில் பாதி விளங்கியிருக்கும். சிரித்துவிட்டு, தாளில் ஒரு குழந்தையைக் கீறினாள். கருவில் இருக்கும் குழந்தை. இதயத்தைக் கழுத்துக்குக் கிட்டக் கீறினாள்.

"பேபி வயிற்றில். ஹார்ட் முதல் இங்கே மேல். நரம்பு நேர் போகுது, சின்னத் தூரம். பிறகு பேபி வளருது. ஹார்ட் கீழ போகுது, கீழ போகுது." அம்புக்குறியைக் கீழே இழுத்தாள். "நரம்பு ஹார்ட்டைக் கைவிடவில்லை. கூடப் போகுது. அதுதான்."

கைவிடவில்லை என்ற சொல்லை அவள் எங்கே படித்தாளோ தெரியாது. அந்தத் தாளை நான் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.

கணவருக்கு இன்னும் திருப்தி வரவில்லை. யன்னலுக்கு வெளியே, மதில் நிழலில் இரண்டு கழுதைகள் நின்றன. மன்னார் பட்டினத்தில் கழுதை நிற்காத இடம் குறைவு. அவற்றைக் காட்டி, "அதுக்கும் இப்பிடியே?" என்று கேட்டார்.

"ஓம். கழுதைக்கும் அப்படித்தான். இன்னும் நீட்டு."

"அப்ப சரி" என்றார் அவர். "அதுக்கு இவ்வளவு தூரம் போய் வந்தும் அந்தச் சத்தம் போடுது எண்டா, உனக்கும் வரும்."

கிழமைக்கு ஒருநாள் பஸ் ஏறிப் போனேன். முதல் பாடம், குசுகுசுக்கக் கூடாது. அது தொண்டையை இன்னும் களைக்க வைக்குமாம். மெதுவாக, சின்னச் சத்தமாவது சேர்த்துத்தான் கதைக்க வேண்டும். இதைக் கேட்டதும் கணவர், "அப்ப பக்கத்து வீட்டு விசயத்தை என்னெண்டு எனக்குச் சொல்லப் போறாய்?" என்று கவலைப்பட்டார். இரண்டாவது, நாலு சொல்லுக்கு ஒரு மூச்சு. நாடாக்களுக்கு நடுவில் இடைவெளி இருப்பதால் காற்று வீணாகப் போய்விடும், அதனால் நீட்டி முழக்க முடியாது. நாலு சொல் சொல்லி நிறுத்தி, மூச்செடுத்து, அடுத்த நாலு சொல். மூன்றாவது, குடிக்கும்போது தலையைக் குனிந்து நாடியை நெஞ்சுப்பக்கம் தாழ்த்திக் குடிப்பது. புரைக்கேறுவது அன்றோடு பாதி குறைந்தது. இன்னொன்று, தண்ணீருக்குள் உறிஞ்சு குழாயை விட்டு "ஊ" என்று சத்தத்தோடு ஊதுவது. காலையும் மாலையும் நான் குசினியில் கோப்பைக்குள் குமிழி விட, வெளியே பீப்பாய்க்குள் எஞ்சின் குமிழி விட்டது.

தலையை இடப்பக்கம் திருப்பிக்கொண்டு கதைத்தால் குரல் கொஞ்சம் உரப்பாக வரும் என்றும் அவள் காட்டித் தந்தாள். நாடாக்கள் அப்போது கிட்ட வருமாம். உண்மையாகவே வந்தது. ஆனால் வகுப்பில் நான் யாரைக் கேள்வி கேட்டாலும் முகம் இடப்பக்கம் இருந்தது. யன்னலோரத்துப் பிள்ளைகள் எல்லாக் கேள்வியும் தங்களுக்குத்தான் என்று நடுங்கிப் படிக்கத் தொடங்கினார்கள். வலப்பக்கத்துப் பிள்ளைகள் நிம்மதியாக இருந்தார்கள். அந்தத் தவணைப் பரீட்சையில் யன்னலோரத்து வரிசை நல்ல புள்ளி எடுத்தது.

பயிற்சிக்கு நடுவில் அவள் என்னிடம் தமிழ் கேட்பாள். நான் அவளை மிஸ் என்பேன், அவள் என்னை ரீச்சர் என்பாள். அவளுக்கு அரசாங்கத்தின் தமிழ் வாய்மொழிப் பரீட்சை வரவிருந்தது. அதில் தேறினால்தான் பதவி நிரந்தரமாகும்.

"மிஸ், தாங்கள் வாயைத் திறவுங்கள் எண்டு சொல்லாதேங்கோ" என்பேன். "ஆ எண்டு வையுங்கோ எண்டு சொல்லுங்கோ."

"ஆ எண்டு வையுங்கோ" என்பாள்.

"எப்படி உள்ளீர்கள் வேண்டாம். என்ன பாடு, சுகமே."

"என்ன பாடு, சுகமே."

"ழ" தான் அவளை வதைத்தது. "வாழைப்பழம்" என்று சொல்லச் சொல்லி நான் அவளுடைய நாக்கைப் பார்ப்பேன். அவள் என்னை "ம்ம்ம்" என்று கீழிருந்து மேலே இழுக்கச் சொல்லி என் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பாள். நல்ல நிலையில் இருக்கிற அந்த முன்பக்கத் தசைக்கு வேலை கொடுக்கத்தான் அந்த இழுவை. வெளியே கதிரைகளில் காத்திருந்தவர்களுக்கு உள்ளே யார் வைத்தியர், யார் நோயாளி என்று தெரிந்திருக்காது.

மூன்று நாலு மாதத்தில் அவளுடைய தமிழ் நன்றாக ஏறிவிட்டது. அப்போதுதான் கவனித்தேன், நாலு சொல் சொல்லிவிட்டு அவளும் நிறுத்தினாள். மூச்செடுத்துவிட்டு அடுத்த நாலு சொல்லைச் சொன்னாள். சத்தத்தையும் அடக்கி, கொஞ்சம் காற்றோடு சொன்னாள். தலைகூட இடப்பக்கம் திரும்பியது. தமிழே இப்படித்தான் கதைப்பது என்று பழகிவிட்டாள். நான் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அவள் கதைப்பது அவ்வளவு அழகாக இருந்தது. விட்டுவிட்டேன்.

பரீட்சை முடிந்த அடுத்த கிழமை, நான் அறைக்குள் போனதும் கதவைச் சாத்திவிட்டுக் கும்பிடுகிற மாதிரிக் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ரீச்சர், பரீட்சைக்காரர் என்னட்டக் கேட்டவை..." மூச்செடுத்தாள். "உங்களுக்கும் தொண்டையில வருத்தமோ... எண்டு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"இல்லை, என்ர ரீச்சருக்குத்தான் எண்டனான்."

நான் சிரிக்க, சத்தம் வந்தது. முழுச் சத்தமில்லை, பழைய கதவு திறக்கிற மாதிரி ஒரு கீச்சு. அவள் உடனே பகிடியை விட்டுவிட்டு, "இன்னொருக்காச் சிரியுங்கோ" என்றாள். பரீட்சையில் தேறிவிட்டாள் என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னாள்.

உண்மையான மாற்றத்தைக் கண்டுபிடித்தது கணவர். ஏழாம் மாதம். நான் குசினியில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தேன். காரம் ஏறி இருமினேன். கொட்டிலில் எஞ்சின் நின்றது. அவர் கையெல்லாம் கிறீசுடன் வாசலில் வந்து நின்று, "ஆர் இருமினது?" என்றார்.

"நான்தான்."

"நீயோ? எனக்கு அங்க வரைக்கும் கேட்டது."

"இன்னொருக்கா இருமு" என்றார். நான் இருமினேன். இறுக்கமான, உருப்படியான, ஊர் கேட்கிற இருமல். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகாய்க் காரம் என்று சொல்லிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

அதற்குப் பிறகு சில கிழமைகள் என் தொண்டையில் ஒரு வேடிக்கை நடந்தது. கதைத்தால் ஒரே நேரத்தில் இரண்டு குரல் வந்தது, ஒன்று தடிப்பு, ஒன்று மெல்லிசு. நாடாக்கள் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் அதிர்வதால் அப்படி வரும் என்றாள் என் மிஸ். பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. "எங்கட ரீச்சருக்குள்ள ரெண்டு ரீச்சர்மார் இருக்கினம்" என்று மற்ற வகுப்புகளில் போய்ச் சொல்லிவிட்டார்கள். இடைவேளையில் வேறு வகுப்புப் பிள்ளைகள் கதவடியில் வந்து நின்று, "ரீச்சர், ஏதாவது சொல்லுங்கோ" என்று கேட்டுவிட்டு ஓடுவார்கள்.

மறுபடியும் கமெராவை விட்டார்கள். கணவர் திரைக்கு நேரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "ஈ" என்றேன். வலது நாடா வழக்கம்போல ஓடி வந்தது. இடது நாடா முதலில் நடுங்கியது. பிறகு, நித்திரையிலிருந்து எழும்புகிற பிள்ளை மாதிரி, மெதுவாக நடுவுக்கு வந்தது. முழுதாக வரவில்லை. ஆனாலும் வந்தது. வலது நாடா மிச்சத் தூரத்தைத் தானே தாண்டிப் போய் அதைத் தொட்டது.

"வந்திட்டுது! ரீச்சர், பாருங்கோ, வந்திட்டுது, அங்க பாருங்கோ, ஆடுது, தொடுது, ரெண்டும் முட்டுது!" என் மிஸ் ஒரே மூச்சில் கத்தினாள். நாலு சொல், மூச்சு, ஒன்றும் இல்லை. வைத்தியர் திரும்பி அவளைப் பார்த்தார். என் மூக்குக்குள் குழாய் இருந்ததால் என்னால் துள்ள முடியவில்லை. கணவர்தான் எழுந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் வைத்தியருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கையில்தான் கமெரா இருந்தது. எனக்கு நன்றாகவே குலுங்கியது.

அடுத்த வருடம் என் மிஸ்ஸுக்குச் சொந்த ஊர்ப் பக்கம் மாற்றல் கிடைத்தது. போவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். நண்டுக் கறியும் புட்டும். கணவர் மரியாதைக்காக எஞ்சின் ஒன்றையும் ஓட்டவில்லை. சாப்பிட்டுவிட்டு அவள் கொட்டிலைப் பார்க்க ஆசைப்பட்டாள். அவர் ஒரு எஞ்சினைக் கிளப்பிக் காட்டினார். மூன்று பேரும் அதற்கு மேலால் கத்திக் கத்திக் கதைத்தோம். அவளுடைய தமிழ் அவ்வளவு உரத்து வந்ததை நான் கேட்டது அன்றுதான். இப்போது அங்கிருந்து தொலைபேசி எடுப்பாள். அங்கே அவளுடன் வேலை செய்கிற தமிழ்ப் பிள்ளை ஒருத்தி, "நீங்கள் மன்னார்ப் பக்கமோ?" என்று கேட்டாளாம். அதைச் சொல்லும்போது அவளுக்கிருந்த பெருமையைப் பார்க்க வேண்டும்.

என் குரல் முழுதாக வரவில்லை. முக்கால்வாசி என்று வைத்துக்கொள்ளலாம். பின்னேரத்தில் களைத்துப்போகும். முன்பு இருந்ததைவிடத் தடித்துவிட்டது. விளையாட்டுப் போட்டிக்கு இப்போது நல்ல ஒலிவாங்கி வாங்கியிருக்கிறார்கள், நானும் அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கதைக்கிறேன். மாதா கோயில் பூசையில் மற்றப் பெண்களோடு சேர்ந்து பாட ஏலாது. ஒரு படி இறங்கி ஆண்களோடு பாடுகிறேன். அந்தப் பக்கம் ஆட்கள் குறைவு, என்னைச் சேர்த்துக்கொண்டதில் அவர்களுக்குச் சந்தோசம்.

தொலைபேசியில்தான் வேடிக்கை. போன மாதம் கனடாவிலிருந்து என் மச்சாள், கணவரின் தங்கை, தொலைபேசி எடுத்தாள். நான் "ஹலோ" என்றதும், "அண்ணை, எப்பிடிச் சுகம்? மச்சாள் நிக்கிறாவோ?" என்று கேட்டாள். திருத்தப் போனேன். பிறகு ஏனோ, "இல்லைத் தங்கச்சி, அவ கோயிலுக்குப் போட்டா" என்றேன். நல்லதாகப் போயிற்று. என்னைப் பற்றி அவள் பதினைந்து நிமிசம் கதைத்தாள். எல்லாம் நல்ல விதமாகத்தான்.